பழைய லேப்டாப்பும் ஐந்து நிமிடமும்

ரிப்பேர் கடை மேஜையில் வாய்த்துடுக்கான திருப்புளி ஒன்று இருந்தது. திருகைக் கழற்றிக் கழற்றி ஊரில் உள்ள லேப்டாப்புகளின் வயிற்றையெல்லாம் பார்த்துவிட்டதால், பொய் சொல்லாத மெஷினே கிடையாது என்பது அதன் முடிவு.

அன்று ஜெனிட்டா தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். புதிதாக வந்த கார் ரேஸ் விளையாட்டு அதில் ஓடினால் வைத்துக்கொள்வாள்; ஓடாவிட்டால் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவாள். மெக்கானிக் கூடுதலாக ரேம் போட்டு, "அஞ்சு நிமிஷம் ஆடிப் பாரும்மா" என்றார்.

திருப்புளி லேப்டாப்பிடம் கிசுகிசுத்தது: "டேய் கிழவா, அஞ்சே நிமிஷம் மூச்சைப் பிடிச்சு ஓடு. உன்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா."

"ஓடிடுவேன். ஆனா என் கிராபிக்ஸ் சிப் போர்டோட ஒட்டினது, மாத்த முடியாது. ஆறாவது நிமிஷம் திணறுவேன். அந்தப் பொண்ணு ஏமாறணுமா?"

"ஏமாறட்டுமே! இல்லேன்னா உன்னைப் பிரிச்சுப் போட்டுடுவாங்கடா, மடையா!"

"தெரியும்."

விளையாட்டு தொடங்கியது. லேப்டாப் மூச்சைப் பிடிக்கவே இல்லை. முதல் வளைவிலேயே கார் விக்கி விக்கி நின்றது, ஃபேன் அலறியது.

"புதுசே வாங்கிக்கிறேன் அண்ணே. இதைப் பார்ட்ஸுக்கு எடுத்துக்குங்க" என்றாள் ஜெனிட்டா.

மெக்கானிக் திருப்புளியைக் கையில் எடுத்தார். கோபத்தில் கொதித்துக் கிடந்த அது, முதல் திருகைத் தொட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"வலிச்சா சொல்லுங்க, ஐயா."