சார்ஜ் ஏறாத வண்டி

ஆக்சிலேட்டரை முறுக்கியதும் மூன்றாவது முறையாக மீட்டர் பதினாலேகால் வோல்ட் காட்டியது. நல்ல வண்டிக்கு வரவேண்டிய அளவு. அதுதான் அவளைக் குழப்பியது.

"சார்ஜ் ஏற மாட்டேங்குது. எதை மாத்தணும்னு அரை மணி நேரத்துல சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டர் மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். இருப்பதோ ஒரே ஒரு மெக்கானிக் வேலை; அதற்குத்தான் இந்தச் சோதனை.

பதினைந்து வருடம் கணவனோடு பட்டறையில் கிரீஸ் படிந்த கை அவளுடையது. முதுகில் அடிபட்டு அவன் படுத்ததும் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. போன மாதத்திலிருந்து வேலை கேட்டு அவள் ஏறி இறங்காத படியில்லை.

பேட்டரி முனைகள் இறுக்கமாக இருந்தன. கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மூன்று வயரிலும் கரண்ட் ஒரே அளவு. அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது.

அவளுக்கு முன்பே சோதனையை முடித்துவிட்டு வாசல் பெஞ்சில் காத்திருந்த ஒருவன் மெல்ல எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா முழிக்கிறீங்க? ரெக்டிஃபையர்னு சொல்லிடுங்க. பத்து வண்டில எட்டுக்கு அதுதான் போகும்."

"அது பேட்டரிக்குச் சரியாத்தானே கரண்டை அனுப்புதுப்பா."

"அப்ப காயில்னு சொல்லுங்க. நான் அதைத்தான் சொன்னேன்."

காயிலும் நன்றாகத்தானே இருக்கிறது! தன் கண்மீதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மேனேஜர் வந்து நின்றார். "நேரமாச்சு. எதை மாத்தணும்?"

ரெக்டிஃபையர் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலை சார். எனக்கு எல்லாமே சரியா இருக்கிற மாதிரிதான் படுது. மாத்துறதுக்கு ஒண்ணுமில்லை."

"முன்னாடி வந்த ஏழு பேரும் ஆளுக்கொண்ணு கண்டுபிடிச்சாங்களே. உங்க கண்ணுக்கு மட்டும் ஒண்ணும் படலையா?"

அவள் மீட்டர் வயரைச் சுற்றிப் பையில் போட்டாள். படுத்திருப்பவனிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் கண் மங்கியது.

"வர்றேன் சார்."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் குரல் வந்தது.

"பையைக் கீழ வைங்கக்கா. என் வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை."