ஆயிரம் இதழ் மொட்டு

அது தலையைத் தூக்கியது.

குளத்தின் ஓரக்கல்லில் மீன்தீனி டப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் அப்படியே இருந்தாள். நாலடி தள்ளி, தாமரை இலைகளுக்கு நடுவே படம் விரிந்திருந்தது. நல்லபாம்பு. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. பிறகு படத்தைச் சுருக்கி, எதிர்ப்பக்கக் கல் இடுக்குக்குள் இறங்கியது.

வெளியே வரவில்லை.

தவளைக்குத்தான் வந்திருக்கும். கொல்லையில் குளம் வெட்டினால் தவளை வரும். தவளை வந்தால் அது வரும். இதெல்லாம் தெரியாமலா வெட்டினாள்.

கணவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "வெட்டிக்கோ, வேணாங்கல. ஆனா ஒரு பாம்பு பூச்சி வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே மண்ணடிச்சு மூடிருவேன்."

சொன்னால் செய்கிற மனிதர்.

மூன்று வருஷம். கேரளத்திலிருந்து கூரியரில் வந்த கிழங்கு இரண்டு தடவை அழுகிப்போனது. மூன்றாவது பிடித்தது. பிடித்தும் வெறும் இலைதான். போன வாரம்தான் மொட்டு வந்தது. ஆயிரம் இதழ்த் தாமரை. தண்ணீரை இறைத்தாலோ, குளத்துக்குள் கிழங்கு நட்டு வைத்த தொட்டியை நகர்த்தினாலோ இரண்டே நாளில் கருகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விரியும். தோட்டக் குழுவிலிருந்து இருபத்தெட்டுப் பேர் பார்க்க வருகிறார்கள்.

இன்று புதன்.

புதன்கிழமைதான் ஜெயக்கொடி குளம் சுத்தம் செய்ய வருவாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கல் இடுக்குகளில் கையை விட்டுப் பாசியை வழித்தெடுப்பாள். கம்பு கொடுத்தால் வாங்கமாட்டாள். "கம்புக்கு என்னக்கா தெரியும், எது பாசி, எது வேருன்னு?"

இந்த வாரம் வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லலாம்.

பாசி மண்டிக் கிடக்கிற குளத்தையா இருபத்தெட்டுப் பேருக்குக் காட்டுவது?

உள்ளதைச் சொல்லிவிடலாம். ஜெயக்கொடி வாய் சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும். நாளைக்கு வாசலில் மண் லாரி நிற்கும்.

நாலே நாள். நாலு நாள் பொறுத்துக்கொள் என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

பால் பாக்கெட்டையும் இரண்டு முட்டையையும் பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனாள். புற்றுக்கு மஞ்சள் வைத்தாள். பாலை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரையும் ஒன்றும் செய்துவிடாதே.

யாரையும் என்றுதான் வேண்டினாள். ஜெயக்கொடியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அசிங்கமாக இருந்தது.

முட்டையை வைக்கக் குனிந்தபோது அங்கே ஏற்கெனவே இரண்டு முட்டை இருந்தது.

"சார் வச்சதும்மா" என்றாள் பூக்காரி. "மூணு நாளா வாக்கிங் போறப்ப வந்து வச்சுட்டுப் போறாரு. கோயில் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத மனுசன். வீட்டுல எதும் விசேசமாம்மா?"

அவள் குனிந்தபடி அந்த இரண்டு முட்டையையும் பார்த்தாள்.

மூன்று நாள். மூன்று நாளுக்கு முன்பே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மண் அடிக்கவில்லை. நேற்றுச் சாப்பிடும்போதுகூட மொட்டின் படத்தை அலுவலக நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று யாரிடமோ போனில் சொன்னார். குரலில் அவ்வளவு பெருமை.

இத்தனை நேரம் அவள் பயந்தது அவருக்கு. நம்பிக்கொண்டிருந்ததும் அவரைத்தான். தான் சொல்லாவிட்டாலும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார், கத்துவார், குளத்தை மூடிவிடுவார். யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாவி மனுஷன் என்று அவரைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம்.

இப்போது தடுக்க யாருமில்லை.

பாம்பைப் பார்த்தபோது வராத பயம் இப்போது வந்தது. முட்டைகளை அப்படியே கீழே வைத்துவிட்டு நடந்தாள். நடை போதாமல் ஓடினாள்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது.

ஜெயக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். வழித்த பாசி கரையில் ஒரு குவியல் கிடந்தது.

"வெள்ளனவே வந்துட்டேன்க்கா. மத்தியானம் சின்னவ ஸ்கூல்ல மீட்டிங்கு. அப்பா இல்லாத புள்ள, நானும் போகலன்னா மொகத்தத் தூக்கி வச்சுக்குவா."

அவர் சமையலறைப் படியில் நின்றிருந்தார். கையில் காபி. ஆடை படர்ந்து கிடந்தது. குடிக்கவேயில்லை.

அவள் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவர் சொல்லட்டும் என்று அவள் நின்றாள். அவள் சொல்லட்டும் என்று அவர் நின்றார்.

ஜெயக்கொடி எதிர்ப்பக்கக் கல்லுக்கு நகர்ந்தாள். குனிந்தாள். இடுக்குக்குள் விரல் போனது. மணிக்கட்டு போனது. முழங்கை வரைக்கும் போனது.

ஏதோ தோன்றியதுபோல நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"என்னக்கா, ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஜெயக்கொடி. மொட்டுல கை பட்டுறாம."