சதை பிடித்த பிள்ளை

எடை மெஷினில் முள் ஏறிவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

காலையிலிருந்து மகள் பெரியவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சுகாதார நிலையத்துக்குள் நுழையும் முன் சுவரோரம் உட்காரவைத்து ஒன்றுக்குப் போகச் சொன்னாள். முறை வந்ததும் பிள்ளையின் கவுனைக் கழற்றினாள். தலையில் இருந்த கிளிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

எடை சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றால் வாராவாரம் சத்துக்கூழ்ப் பொட்டலம் கிடைக்கும். தாண்டினால் கையை விரித்துவிடுவார்கள். நல்ல சட்டம்தான். பிள்ளை தேறினால் தாய்க்குத் தண்டனை.

அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டு அம்மாவும் தினம் காலையில் எடை மெஷினில் ஏறுகிறவர். முள் கொஞ்சம் கூடினாலும் அன்றைக்கு வீடு இரண்டுபடும். அந்த அம்மாவும் இவளும் ஒரே வேண்டுதலைத்தான் வைக்கிறார்கள் என்று கடவுளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

பெரியவளோ ஒரு மாதமாகவே உருண்டு திரண்டுகொண்டிருந்தாள். கன்னம் உப்பி, கால் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. உனக்கு மட்டும் எந்தக் கடையில் அரிசி போடுகிறார்கள் என்று குழாயடியில் கேலி செய்தார்கள். ஊர்க் கண் பட்டுவிடப் போகிறதே என்று பயந்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இடுப்பில் இருந்த சின்னவன்தான் நோஞ்சான். போன முறை நிறுத்தபோது கோட்டுக்கு மயிரிழை மேலே நின்று தொலைத்தான். அவனுக்குப் பொட்டலம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முள் ஏறியது. கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

மெஷின் சரியில்லை, பிள்ளை ஆடிவிட்டாள், இன்னொரு தரம் நிறுத்துப் பாருங்கள் என்று அவள் நர்ஸிடம் கெஞ்சினாள். காலில் விழவும் தயாராக இருந்தாள்.

நர்ஸ் பெரியவளை உட்காரவைத்து, பாதங்களைத் தன் மடியில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

அழுத்திய இடம் குழிந்தபடியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி.

“இது சதை இல்லம்மா, வீக்கம். சத்தே இல்லாம உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கு. பொட்டலத்தை எல்லாம் இவதானே சாப்பிடறா?”

அப்படியென்றால் பொட்டலம் நிற்காது. முதலில் அவளுக்கு அந்த நிம்மதிதான் வந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒரு துளிகூட வீணாக்கவில்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நர்ஸுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், தாமதித்தால் பிள்ளை கையில் தங்காது என்று சொல்லிவிட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினாள். அதற்குள் ஏதாவது உள்ளே போகட்டும் என்று ஒரு பொட்டலத்தின் முனையைக் கிழித்தாள்.

கிழிகிற சத்தம் கேட்டதுமே சின்னவன் வாயைத் திறந்தான்.

பெரியவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். நர்ஸ் கொஞ்சினாள், மிரட்டினாள், உதட்டில் தடவிப் பார்த்தாள். ம்ஹும். நாக்கால் நக்கக்கூட இல்லை.

அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, தம்பியைக் கைகாட்டினாள்.

“அது அவனுக்கு. நான்தான் குண்டாயிட்டேன்ல.”