எனக்குக் காணும்

போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கொட்டகையின் மர வாங்கில் என் மனைவி சிவலட்சுமி, பூசை தொடங்கக் காத்திருப்பவளைப் போல அமைதியாக இருந்தாள். வயிற்றில் கட்டி அவளுக்கு. இருப்புக் கொள்ளாமல் எழும்பி நடந்து, திரும்பி வந்து, போத்தலைக் குலுக்கிப் பார்ப்பவன் நான்.

இன்றைக்கு ரத்தம் சோதிப்பார்கள். தேறியிருந்தால் இங்கேயே ஒப்பரேசன். தேறாவிட்டால் வவுனியாவுக்குப் போகவேண்டும். எல்லை தாண்ட அதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் கைக்கு வருவதற்குள் அந்தக் கட்டி பேரப்பிள்ளை கண்டுவிடும்.

அதனால்தான் இந்தச் சாறு.

போனமுறை கிளினிக்குக்குப் போய்வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "பீற்றூட் சாறு குடிச்சால் ரத்தம் ஊறுமாம். ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னவா."

அடுத்த நாளே தொடங்கிவிட்டேன்.

சண்டைக்குத் தப்பிச் சாவகச்சேரியை விட்டு வெளிக்கிட்டபோது, உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டுக் கிறைண்டரைத் தூக்கிவந்த புத்திசாலி நான். வன்னியில் கறண்ட் இல்லை என்பது தெரியாமலில்லை. உடையார்கட்டு வீட்டுக் குசினியில் அதன் கோப்பைக்குள் இப்போது உப்பு இருக்கிறது.

ஆகவே, பால்மாத் தகரப் பேணி ஒன்றைப் பிளந்து விரித்து, ஆணியால் ஓட்டை குத்தி, அதிலே தேய்த்தேன். பீற்றூட், கரட், கொஞ்சம் என் விரல். ஒரு பிடி பொன்னாங்காணியை இடித்துச் சேர்த்து, பழைய வேட்டித் துண்டில் கட்டிப் பிழிந்து, தேசிக்காய்ப்புளி விட்டேன். சீனி கப்பலில் வருவதாகக் கேள்வி. அதுவரைக்கும் பனங்கட்டி.

முதல்தரம் பிழிந்துவிட்டுச் சிவந்த கையோடும் இடுப்பில் சிவந்த சாரத்தோடும் கிணற்றடிக்குப் போனேன். ஒழுங்கையால் வந்த பக்கத்து வளவு வீரகத்தி அண்ணை என்னைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு எங்கள் பங்கருக்குள் பாய்ந்தார்.

"எங்கயடாப்பா செல் விழுந்தது?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பீற்றூட், அண்ணை."

செல்லுக்குப் பயந்து உள்ளே போனவர் வெட்கத்துக்குப் பயந்து வெளியே வராமல் கிடந்தார்.

இவ்வளவு பாடுபட்டுப் பிழிந்ததைச் சிவலட்சுமி ஒரு மிடறு குடிப்பாள். முகத்தைச் சுளிப்பாள்.

"எனக்குக் காணும். மண் மணக்குது. வீணாக்காமல் நீங்கள் குடியுங்கோ."

ஒவ்வொரு காலையும் இதேதான். பொன்னாங்காணியைக் குறைத்துப் பார்த்தேன். பனங்கட்டியைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மிடறு இரண்டாகவில்லை.

நானும் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தேன். மலேரியாவோடு இதே ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவன் அல்லவா. பசி ஆளைத் தின்றது. போகப்போகச் சாறு பிடித்தும் போனது. கிளாசின் அடியை விரலால் வழித்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அவளுடைய ரத்தம் ஏறாமல் கிடந்தால் என்ன செய்வது?

வன்னியில் ரத்தம் குடிப்பதில் நுளம்புக்கு அடுத்தது நான்தான். நுளம்பாவது ஊரார் வீட்டில் குடிக்கிறது.

"இஞ்சேரும், இண்டைக்காவது இதை முழுக்கக் குடியும்" என்று போத்தலை நீட்டினேன்.

"வெறுவயித்தோட வரச்சொன்னவை. நீங்கள் குடியுங்கோ."

பதற்றத்தில் அதையும் குடித்து முடித்தேன். வெறும் போத்தலை அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சீலைத் தடுப்பை விலக்கிக்கொண்டு தாதி எட்டிப் பார்த்தார்.

"முத்துலிங்கம் ஆர்?"

"நான்தான். வருத்தக்காரி இவ, மிஸ்ஸி."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டார். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நான் ஏன் என்று கேட்பதற்குள் விரலில் குத்தி, ஒரு துளியை நீலத் தண்ணீருக்குள் விட்டார்.

துளி கல்லைப்போல அடிக்குத் தாழ்ந்தது.

"நல்லாத் தேறியிருக்கிறீங்கள். படுங்கோ" என்று என் கையில் றப்பர் வாரைக் கட்டினார். "இவவுக்கும் உங்கட ரத்த இனந்தானே. நீங்கள் காய்ச்சலோட கிடக்கேக்க பாத்தது. வேற ஆள் இல்லாதபடியா மலேரியா வந்ததைப் பாக்கேலாது. டொக்டர் ஒப்பரேசனுக்கு ஆயத்தம், ரத்தத்துக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். நீங்கள் அப்ப வெளிறிப்போய்க் கிடந்தீங்கள். மனுசனைத் தேத்திக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு போனமுறை இவவிட்டச் சொல்லிவிட்டனான்."

நான் விலகியிருந்த தடுப்புக்கு அப்பால் பார்த்தேன். சிவலட்சுமி என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தால் இவர் கிளாலிக் கடலால நீந்தி ஊருக்கே போயிருப்பார், மிஸ்ஸி" என்றாள், மடியில் இருந்த போத்தலைப் பார்த்துக்கொண்டு. "காய்ச்சலுக்கு விரலில குத்தினதுக்கே மயங்கி விழுந்த ஆள்."

அது உண்மைதான்.

ஊசி ஏறியது. படுத்திருந்ததால் விழுவதற்கு இடமில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் வழியே சிவப்பு இறங்கத் தொடங்கியது. கண்ணை மூட நினைத்து, மூடாமல் கிடந்தேன்.

வாங்கில் சிவலட்சுமி, வெறும் போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.