செருப்பு அலமாரிக்குள் ஒரு தபாலாபீஸ்

செருப்பு அலமாரியின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் கணக்கு வாத்தியார். உள்ளே, மழைக்காலச் செருப்புகளுக்கு மேல்தட்டில், குடும்பத்தின் மின்னஞ்சல்களை வாங்கித் தரும் சொந்த மெயில் சர்வர் முனகிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. குப்பைக் கடிதங்களைப் பிடிக்கும் ஃபில்டரோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று மடியிலிருக்கும் லேப்டாப் திரை நாற்பத்தொன்றாவது முறையாகச் சொல்கிறது. ஃபில்டர் பார்க்காத கடிதம் எதுவும் உள்ளே வரக் கூடாதென்று சட்டம் போட்டவர் இவரேதான். அதனால், மனைவியின் முதல் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பதிப்பாளர் எழுதிய பதிலும் வெளியே நிற்கிறது. “ஊரே ஓசி மெயில்ல நிம்மதியா இருக்கு. நமக்குத்தான் சொந்தமா தபாலாபீஸ்!” என்கிறாள் அவள். “அஞ்சே நிமிஷம்மா.” “இதையேதான் பல் தேய்க்கும்போதும் சொன்னீங்க.” அவர் நிமிரவில்லை. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஓரிடத்தில் நிற்கிறது. நேற்று ஃபில்டரின் கதவு எண்ணை, அதாவது போர்ட் நம்பரை, மாற்றியவர், அதைச் சர்வரிடம் சொல்லவே இல்லை. பாவம், அது பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைத் திருத்துகிறார். சோதித்துப் பார்க்க மனைவிக்கு, ‘மன்னிச்சுடு’ என்று ஒரு வரி அனுப்புகிறார். அது நேராகக் குப்பையில் போய் விழுகிறது. “ஃபில்டர் ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க.” அடுத்த நொடி, அவள் கையிலிருக்கும் போனில் பதிப்பாளரின் பெயர் ஒளிர்கிறது. அதைத் திறக்காமல், முதலில் குப்பைக்குள் விரலை விட்டு அவருடைய ஒற்றை வரியை வெளியே எடுத்து வைக்கிறாள்.