அவிஞோன் விடுதியில் சொன்னது

கிடைத்த சிறு விடுமுறைக்குள் பிரான்சின் தெற்கே உள்ள பழைய ஊர்களையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று லுசியான் காரை விரட்டினான். அந்தப் பயணத்தை அவன் மனைவி மரியெல் இன்னும் மறக்கவில்லை.

நீம் ஊரில் காபி கொண்டுவந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து தனியா வந்தீங்க, மதாம். இன்னைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"நேத்து நாங்க வடக்கே லீல் ஊர்ல, எங்க வீட்டுல இருந்தோமே!"

"எனக்குத் தெரியாம எப்ப வந்த?" என்று லுசியான் அவளைச் சீண்டினான்.

ஆர்ல் ஊரில், ரோமானிய அரங்கின் வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெண் மரியெலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப பரவாயில்லையா? நேத்து துக்கத்துக்குப் போடுற கறுப்பு உடுப்புல வந்து அப்படி அழுதீங்களே!"

அதன்பிறகு லுசியான் சிரிக்கவில்லை. அரங்கைப் பார்க்காமலேயே கிளம்பினார்கள். "மெதுவாப் போ, லுசியான்," என்று அவள் வழியெல்லாம் கெஞ்சினாள்.

அவிஞோனில் அவளை விடுதி வாசலில் இறக்கிவிட்டு அவன் காரை நிறுத்தப் போனான். மரியெல் முந்திக்கொண்டு விடுதிக்காரரிடம் கேட்டாள். "நேத்து நான் இங்க வந்தேனா?"

"இல்லையே, மதாம்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"இப்ப உங்களை இறக்கிவிட்டாரே, அவர்தான் வந்திருந்தார். கறுப்பு உடுப்புல, தனியா. பாவம், ஒரு வாய்கூடச் சாப்பிடல."

லுசியான் உள்ளே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. விடுதிக்காரர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. தெருவில் அவனிடம் யார் பேசினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

ஆண்டுகள் சில ஆகிவிட்டன. இருவரும் நலம். எதிர்க்கடையில் ரொட்டி வாங்கக்கூட ஒன்றாகத்தான் போகிறார்கள். சாலையைக் கடக்கும்போது ஒருவர் கையை ஒருவர் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொள்கிறார்கள்.