லைனை அடைத்தது யார்?

"இன்டர்நெட் இப்படி ஊர்ந்தா ஆபீஸ் எப்படி ஓடும்? லைனை அடைக்கிறது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா வேற வேலை தேடிக்க!"

மேனேஜர் எரிந்து விழுந்ததும் சர்வர் இன்ஜினியர் வேலையில் இறங்கினார். யூனிக்ஸ் சர்வரில் ஒவ்வொரு இணைப்பாகச் சல்லடை போட்டுச் சலித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விஷயம் பிடிபட்டது. சர்வர் ரூம் கேமராவின் வீடியோ முழுக்க ஒரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் வீடு என்று பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேனேஜர் வீடு!

நேரில் சொல்ல ஓடினார். மேனேஜர் அறை காலி. செல்போனையும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே போன் போட்டார். மேனேஜரின் மனைவி எடுத்தார்.

"மேடம், எங்க சர்வர் ரூம் கேமராவை நீங்களா பாக்குறீங்க?"

"ஆமா தம்பி. கட் பண்ணிடாதீங்க."

"அங்க வெறும் மெஷின்தானே மேடம் இருக்கு?"

"யார் சொன்னா? வீட்டுல பொட்டுத் தூக்கம் வரலன்னு என் உயிரை வாங்குற மனுஷன், அங்க மெஷினுக்கு நடுவுல காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கார்!"

இன்ஜினியர் சர்வர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு உதவி. அந்த ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. அவருக்குச் சளி பிடிச்சுக்கும்."